தராசில் ஏறாத மகள்

ஒரு பிள்ளையை மாற்றி எடைபோட்டால் ஓர் ஊரின் கணக்கே மாறிவிடுமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் மாற்றியவள் நான். என் மகள் றிப்னாவை அறைக்குள் விட்டுவிட்டு, தங்கையின் மகள் சஹ்லாவைத் தராசில் ஏற்றினேன். இதை முதலில் அறிகிறவர்கள் வாசிக்கிற நீங்கள்தான்.

சுனாமிக்குப் பின் கல்முனையில் எங்களுக்குத் தற்காலிகக் கொட்டில்கள் கிடைத்தன. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் தங்கை. ஒரே மாதத்தில் இருவருக்கும் பெண்பிள்ளை. வெளிநாட்டு நிதியில் தாய் சேய் நலத் திட்டமொன்று வந்தது. பள்ளிக்கூடத்தில் உயர்தரம்வரை படித்தவள் என்பதால் என்னை ‘முன்மாதிரித் தாய்’ ஆக்கினார்கள். அரிசிமாவும் பயறும் முட்டையும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவதை மற்றத் தாய்மாருக்கு நான்தான் செய்து காட்டினேன். அவர்களுடைய பிள்ளைகள் தேறினார்கள். என் பிள்ளை தேறவில்லை!

“என்னகா, புள்ளைக்குக் காய்ச்சிற கஞ்சிய நீயே குடிச்சிர்றியா?” என்பார் பக்கத்துக் கொட்டில் ஜெஸீமா ராத்தா; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்... சிரித்தேனா?

தங்கை ஆசிரியப் பயிற்சிக்குப் போய்விடுவாள். பகலெல்லாம் சஹ்லா என்னிடம். அழுதால் பால் கொடுத்தேன். எங்கள் மார்க்கத்தில் அப்படிக் குடித்த பிள்ளை என் மகளுக்கு உடன்பிறப்பு. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல், தராசோடு ஒரு பெண் வந்தாள். திட்டத்து ஆள் அல்ல. பலன் உண்மையிலேயே கிடைத்ததா என்று பார்க்க, நிதி கொடுத்தவர்கள் வெளியிலிருந்து அனுப்பியவள், மட்டக்களப்புப் பெண். குலுக்கலில் எங்கள் வீடு விழுந்ததாம்.

“கிளினிக் அட்டையக் காட்டட்டா?” என்றேன்.

“வேணாம் அக்கா. மற்றாக்கள் எழுதினதப் பாத்தா எங்கட கண்ணும் அங்கதான் போகும்.”

வியந்து போனேன். யாரையும் நம்பாமல் இருப்பதற்கும் ஒரு வேலையா!

பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னாள். உள்ளே இருவரும் ஒரே பாயில் தூங்கினார்கள். என் கை முதலில் றிப்னாவிடம்தான் போனது... சத்தியமாக! பிறகு ஜெஸீமா ராத்தாவின் சிரிப்பு காதில் கேட்டது. கை தள்ளிப் போய்விட்டது.

தராசிலிருந்து இறக்கியதும் சஹ்லா என் மார்பைத் தேடினாள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“வேற பிள்ளைக்கும் பால் குடுக்கிறீங்களா அக்கா?”

“இல்ல.”

“ரெண்டு பிள்ள குடிச்சா ஒண்டு மெலியப் பாக்கும், அதான் கேட்டன். மெலிஞ்ச பிள்ளையக் கண்டா உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கு. உங்களுக்கு அந்தக் கவலையில்ல.”

அறைக்குள் றிப்னா இருமினாள். வந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

“அது தங்கச்சிட புள்ள,” என்றேன்.

ஊர் சிரிக்குமே என்று றிப்னாவை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகவில்லை. சஹ்லாவுக்குக் கொடுப்பதையாவது நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தினால் தங்கையின் பயிற்சி நின்றுவிடும். காரணம் கேட்பாள். கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று அறிக்கை வந்தது, திட்டம் முடிந்தது. அந்த அறிக்கையில் சஹ்லாவின் எடை எங்கே இருந்திருக்கும்? ஒரு புள்ளியாகவா? என் கொட்டிலைப் போல இன்னும் எத்தனை கொட்டில்களில் எத்தனை தாய்மார்..? இல்லை, நான் ஒருத்திதானா?

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. றிப்னா முன்பள்ளிக்குப் போகிறாள். வரிசையில் எல்லாரிலும் சிறியவள். அன்று அளந்த அதே பிள்ளைகளை மறுபடி அளக்க அந்தத் தராசுப் பெண்ணின் குழு வருகிறது என்று நேற்றுக் கேள்விப்பட்டேன்.

றிப்னாவைத் தராசில் நிறுத்தினால், தேறியிருந்த பிள்ளை திட்டம் போனபின் மெலிந்தது என்று எழுதுவார்கள். அது பொய். சஹ்லாவை நிறுத்தினால் பழைய பொய் வளரும். என் மகளை இந்த முறையும் யாரும் அளக்கமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் தங்கை ஒன்று கேட்பாள்: “ராத்தா, எண்ட புள்ளையாலயா உங்கட புள்ள இப்புடி?” அதற்கு நான் என்ன சொல்வேன்!

உங்களில் தாய்மார் இருப்பீர்கள். அளப்பதையே தொழிலாகச் செய்பவர்களும் இருக்கலாம். கேட்கிறேன், எழுதுங்கள்... அந்தப் பெண் மறுபடி வந்து “மகளக் கூட்டிட்டு வாங்க” என்னும்போது, என் இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?