நிழலுக்கு ஏற்றிய மருந்து

அக்காவின் தலைக்குள் ஒரு நிழல். முதல் ஸ்கானில் அப்படித்தான் தெரிந்தது. கட்டியா, வேறு ஏதாவதா என்று அறிய, நரம்பில் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். கட்டியானால் மருந்தைப் பிடித்துக்கொண்டு படத்தில் வெள்ளையாக எழும்புமாம். அந்த மருந்தைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். அதற்காக முதலில் இரத்தப் பரிசோதனை.

தீவிலுள்ள கரம்பொனிலிருந்து விடியற்காலை யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போவோம். இரத்தம் சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இரு புறமும் கடல், நடுவில் வீதி, என் தோளில் அக்காவின் தலை. உள்ளே இருப்பதன் பாரமும் என் தோளில்தானோ என்று நினைப்பேன், நினைத்தே களைத்துப்போவேன்.

அடுத்த முறை இரத்தம் எடுக்க வந்த தாதி நரம்பைத் தேடிச் சலித்தார்.

"அம்மா, காலமை தண்ணி குடிச்சனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. நேற்றுப் பின்னேரத்தோடை நிப்பாட்டிப்போட்டன்."

"ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. யாழ்ப்பாணம் வாறதெண்டால் நாங்கள் குடிக்கிறேல்லை. ஒண்டுக்கு வந்தால், பஸ்ஸை மறிச்சுப்போட்டு நடுக்கடலிலையோ இறங்கிறது?"

தாதி என்னைப் பார்த்தார். நானும் குடித்திருக்கவில்லை. தீவுப் பெண்களுக்குப் பயண நாள் என்றால் வறண்ட நாக்குத்தான். அதை ஒரு பழக்கமென்று கூட நாங்கள் எண்ணியதில்லை.

டொக்டர் இதைக் கேட்டுவிட்டு, தண்ணீர் குறைந்ததால்தான் இரத்தம் பிழையாகக் காட்டியிருக்கும் என்றார்; நகரத்திலேயே தங்கி, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். அக்கா முகத்தைச் சுளித்தபடி குடித்தாள். இரத்தம் சரிவந்தது.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் இடித்த இடி கதவுக்கு வெளியிலும் கேட்டது. வெளியே வந்தவள், "ஊசி ஏறேக்கை கை குளிர்ந்தது, அவ்வளவுதான்" என்றாள்.

படத்தில் நிழல் இருந்த இடம் இப்போது முழு வெள்ளை.

"கட்டிதான்" என்றார் டொக்டர். "மூளைக்குள்ளை இல்லை, மேலுறையிலை ஒட்டி வளருது. அநேகமாப் பொல்லாததா இராது. ஆனால் எடுக்க வேணும்."

அக்கா படத்தையே பார்த்திருந்தாள்.

"இதோடையோ இவ்வளவு நாளும் படுத்தெழும்பினனான்?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்? உன்ரை தலையையோ வெட்டப்போகினம்?"

"வெட்டட்டுமோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம், வெட்டுங்கோ. வைச்சிருந்து என்ன செய்யிறது?"

சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள். அடுத்த ஆள் வாசலில் காத்து நின்றார். அக்காவை எழுப்ப வேண்டும். எனக்கும் எழும்ப ஏலாமல் இருந்தது.