சம்பள நாளுக்குப் பிறகு வந்த கடிதம்

நமுனுகுலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கடிதம் நேரே வராது. தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து தோட்டத்துத் தபால்காரர் கொண்டுவருவார். ஒல்லியான மனிதர். மழையில் தான் நனைந்தாலும், கடிதங்களை உரப்பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருப்பார்.

பட்டம் முடித்ததும் இரண்டு நிதி நிறுவனங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பண்டாரவளைக் கம்பெனி வேலைக் கடிதத்தைக் கையிலேயே தந்தது. நான் கொழும்புக் கடிதத்துக்குக் காத்திருந்தேன். அது வந்தபோது, பதில் அனுப்பவேண்டிய நாள் கடந்திருந்தது.

"இத்தன நாளா எங்க வச்சிருந்தீங்க?" என்று கத்தினேன்.

"கம்பெனி பேரு போட்ட கவரு, புள்ள. கடனக் கட்டச் சொல்லிதான் எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன். சம்பளத்துக்கு முந்தி குடுத்தா வீட்டுல சண்டையாப் போகும். எல்லாருக்கும் அப்படித்தான் வச்சிருந்து குடுப்பேன். அந்த மாதிரி கவருல லயத்துக்கு நல்லது வந்து நான் பாத்ததே இல்ல."

நல்லது செய்த முகத்தோடுதான் நின்றார். கொழும்பில் வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது பண்டாரவளையில் உட்கார்ந்து, கடன் கட்டாதவர்களுக்குக் கடிதம் அனுப்புகிறேன். அந்த மனிதரை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் எங்கள் தோட்டத்துப் பதில்கள் மட்டும் ஏன் எப்போதும் பிந்துகின்றன என்று மேனேஜர் கேட்டால், தெரியாது என்றுதான் சொல்கிறேன்.