நூற்றைம்பது றாத்தல் வில்

அந்தக் குறுக்குவில்லின் முன்முனையில் கால் நுழைக்க ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதில் காலை ஊன்றிக் குனிந்து, இரு கைகளாலும் நாணைப் பற்றி, முதுகை நிமிர்த்தி அதைக் கொக்கிவரை இழுக்க வேண்டும். பெரிய கங்காணி முதல்முறை அப்படி இழுத்தபோது அவருடைய கழுத்து நரம்புகள் புடைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

தெல்தோட்டைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். இலைகளின் அடியில் மஞ்சள் தூளாக நோய் படிந்து செடிகள் மொட்டையாகிக்கொண்டிருந்த காலம். துரை துப்பாக்கியோடு கொழும்புக்குப் போய்விட்டார். அரிசி வண்டி எப்போதாவதுதான் வந்தது. கங்காணியின் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம். வெறும் கஞ்சித் தண்ணீரில் அவளுக்குப் பால் ஊறவில்லை. காட்டோரத்தில் மரை என்னும் பெரிய மான்கள் இறங்கின. இறைச்சி கிடைத்தால் மகள் தேறுவாள், பிள்ளை பிழைக்கும் என்று நம்பிக் கங்காணி என்னையும் அழைத்துக்கொண்டு கண்டிக்கு நடந்தார்.

ஊரைவிட்டுப் போகும் துரைமாரின் சாமான்களை வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் இரண்டு வில்கள் இருந்தன. அவற்றை உத்தரத்தில் கட்டி, நாண் கொக்கியைத் தொடும்வரை படிக்கற்களைத் தொங்கவிட்டுக் காட்டினார். சிறியது எண்பது றாத்தல், பெரியது நூற்றைம்பது.

“சின்னத எடுங்க கங்காணியார். கிட்டப் போய் அடிச்சா மரைக்கு இது போதும்.”

“ஏன் நானா?” என்று வியாபாரியை அண்ணன் முறை வைத்துக் கேட்டார் கங்காணி. “நம்ம கையப் பாத்தா கோப்பி பொறுக்குற பொம்பள கை மாதிரியா இருக்கு?”

“கையப் பாக்கல்ல, வயித்தப் பாத்துச் சொல்றேன். வில்லு எடை அப்பிடியே இருக்கும். ஆளு எடை இருக்காதே.”

பல நாட்களுக்குப் பிறகு சற்று முன்தான் ஒரு சோற்றுக்கடையில் வயிறாரச் சாப்பிட்டிருந்தோம். கங்காணி பெரிய வில்லை மூன்று முறை இழுத்துக் காட்டினார். அம்பு ஆழமாக இறங்கும் என்று நானும் ஒத்து ஊதினேன்.

கூலிகள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பியதும் இளவட்டங்கள் இழுத்துப் பார்க்கக் கேட்டார்கள். அவர் தொடவிடவில்லை. “கங்காணி வில்ல கூலிக்காரன் இழுத்தா, நாளைக்குக் காலையில பிரட்டுல ஆள் பிரிக்கிறப்ப எவன்டா என் சொல்லக் கேப்பான்?” என்றார். தன் பங்கு அரிசியை மகளுக்குக் கொடுத்துவிட்டு, தினமும் விடியற்காலையில் என்னோடு காட்டோரம் போய்க் காத்திருந்தார். நாணை இழுத்தபடியே வைத்திருந்தால் வில் தளர்ந்துவிடும் என்று வியாபாரி சொல்லியிருந்ததால், மரையைக் கண்ட பிறகுதான் இழுக்க வேண்டும்.

பதினோராம் நாள் மூடுபனிக்குள் ஒரு மரை வந்தது. இருபது அடி தூரம்தான். கங்காணி வளையத்தில் காலை ஊன்றி இழுத்தார். நாண் பாதியில் நின்றது. மறுபடியும் இழுத்தார், பாதிகூட வரவில்லை. நான் குனிந்து நாணின் ஒரு பக்கத்தைப் பற்றினேன்.

“கைய எடுங்க, கணக்கப்பிள்ளை.”

எடுத்துவிட்டேன். குரல் கேட்டு மரை தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு ஓடக்கூட இல்லை, நடந்தே போனது.

அந்தச் சரிவு முழுவதும் இப்போது தேயிலை. அந்த வழியாகப் போகிறவர்கள் பச்சையைப் பார்த்து அழகு என்கிறார்கள். அன்று நாணிலிருந்து கையை நான் எடுக்காமல் இருந்திருக்கலாம்.

மரை நடந்து போன மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. பட்டுப்போன கோப்பிச் செடிகளுக்கு நடுவே குழி வெட்டக் கங்காணிதான் மண்வெட்டியை எடுத்தார். இரண்டு வெட்டுக்கு மேல் அது அவர் கையில் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே, பக்கத்தில் நின்ற கூலிக்காரனிடம் அதை நீட்டினார்.