தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே

காசிமேட்டில் மீன் வாங்கப் போயிருந்தேன். கரையேற்றிய பழைய விசைப்படகின் அடியில் ஒருவர் சிப்பி சுரண்டிக்கொண்டிருந்தார். முகப்பில் மங்கிய மயில். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தேசம்மா அக்காவின் கை.

அக்கா வரைந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் பக்கத்துப் படகுகளுக்கெல்லாம் பேரெழுதிப் படம் வரைந்தது அக்காதான். பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது என்பார்கள். அதனால் தார் டிரம் மேல் நின்று வரைவார். ஓய்ந்த நேரத்தில் பிரஷ்ஷைக் கொண்டையில் செருகிக்கொள்வார். கடைசியில் படகுக்கு அடியில் ஊர்ந்து போய், தண்ணீரில் மூழ்கும் இடத்தில் எதையோ வரைவார்.

"அங்க வரைஞ்சா யாரு பாப்பாங்கக்கா?"

"மேல கீறது ஓனருக்கு. இது எனுக்கு. நீ போய் வெளாடு."

எட்டிப் பார்க்க விட்டதே இல்லை. மறுநாள் படகு கடலில் இருக்கும். அக்கா செத்த பிறகும் அது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

இன்று இந்தப் படகுக்கு அடியில் குனிந்தேன்.

"இன்னாமா தேடிகினு கீற?" என்றார் சுரண்டுபவர்.

அவர் சுரண்டிய இடத்தில், உள்ளங்கை அளவில் ஒரு குட்டிப் படகு. அதற்குள் ஒரு பெண், கொண்டையில் பிரஷ்ஷோடு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.