பட்டன் இல்லாத சட்டைகள்

ஜமுனாமரத்தூரில் தையற்கார ஜெயசுதாவைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர்கள் வாழ்நாளில் துணியே கிழிக்காதவர்களாக இருக்க வேண்டும். படவேட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு மலையேறி வந்து இருபது வருடமாகிறது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தகரக் கொட்டகை, அதில் ஒரு மிஷின். புதுத்துணி தைப்பதைவிடக் கிழிந்ததைத் தைப்பதில்தான் அவளுக்குப் பெயர். அவள் ஒட்டுப் போட்ட இடம் போட்டிருப்பவனுக்கே தெரியாது.

அந்தக் கைதான் வினையாக வந்து முடிந்தது.

போன வருடம் ஒரு பெரிய துணிக் கம்பெனியின் லாரி மலையேறியது. 'பழையதைக் கொடுங்கள், பூமியைக் காப்போம்' என்று பட்டணத்துக் கடைகளில் பெட்டி வைத்துச் சேர்த்த துணிகளாம். மலை சனங்களுக்கு இலவசமாம். மூட்டையைப் பிரித்தால் ஒரு சட்டையில்கூடப் பட்டன் இல்லை, ஒரு பேன்ட்டிலும் ஜிப் இல்லை. விலைபோகிறதை எல்லாம் கழற்றிக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிட்டு, அதற்குத் தானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ஜெயசுதாவுக்கு மனசு கேட்கவில்லை. துணி வீணாகப் போகிறதே என்று, தன் டப்பாவிலிருந்த பட்டன்களை எல்லாம் வைத்துத் தைத்துச் சும்மாவே கொடுத்தாள். கம்பெனி மேலாளர் குணசீலன் வந்து, அந்தச் சட்டைகளைப் போட்டவர்களை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போனார். அனுப்பியது அத்தனையும் உபயோகப்பட்டுவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்ள அந்தப் படம் போதுமாக இருந்தது.

அடுத்த தடவை மூன்று லாரி வந்தது. எல்லாம் ஊசி பட்டாலே இழை ஓடுகிற நைலான், சாயம் போகிற ஜீன்ஸ். யாரும் சீண்டவில்லை. ஓடைக்கரையில் இறக்கிப் போட்ட மூட்டைகள் மழையில் பிரிந்து, ஓடைக்குக் கீழே இருக்கிற கிழவி முத்தம்மாவின் ஊர் குடிக்கிற ஊற்றை அடைத்துக்கொண்டன. முத்தம்மா ஒரு சொம்பு நீலத் தண்ணியைக் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்தாள்.

"இதை இன்னா பண்றது சொல்லு. நீ தச்சுத் தச்சுக் குடுத்த. அதான் கொண்டாந்து கொட்றானுங்க."

கிழவி சொன்னதில் பொய் இல்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவர்களுடைய புளுகுக்குத் தானே பட்டன் தைத்துக் கொடுத்திருக்கிறோம் என்று ஜெயசுதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ஊர்ப் பெண்களோடு போய் நான்கு நாள் ஊற்றிலிருந்து துணியை வாரிப் போட்டாள்.

ஊற்று தெளிவதற்குள் மறுபடி லாரி வந்து நின்றது. குணசீலன் சிரித்தபடி இறங்கினார்.

"அக்கா, மிஷின்ல உக்காருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

ஜெயசுதா மிஷினிலிருந்து ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள். லாரியில் ஏறி, மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவி அவரிடம் நீட்டினாள்.

"நீங்க இதைப் போட்டுக்கினு நில்லுங்க சார். நான் எடுக்கறேன் போட்டோ."

அவர் கை நீளவில்லை. அதற்குள் முத்தம்மாவும் மற்றப் பெண்களும் லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இவ்ளோ துணியையும் நான் எங்கக்கா கொண்டு போறது?"

"அதை உங்க கம்பெனில இவ்ளோ துணி தைக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும் சார்."

குறுகலான ரோட்டில் லாரி பின்வாங்கித் திரும்ப அரைமணி நேரம் பிடித்தது. அதுவரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.