ஜான்ரோஸ் சொன்ன சாட்சி

புதுக்கடை சந்தைக்குப் பக்கத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான் என் நண்பன் ஜான்ரோஸ். நாற்பத்தெட்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். கெட்டுப்போன மோட்டாரை மாதக்கணக்கில் போட்டு வைத்துவிட்டுக் கொண்டுவருபவர்களைக் கண்டால் அவனுக்குப் பொறுக்காது. "ஓடல்லன்னா ஒடனே காட்டணும் ஓய். சாக்கு போட்டு மூடினா ஓடுமா?" என்று எரிந்து விழுவான்.

அப்பேர்ப்பட்டவன்தான் தன் குறையை ஒரு வருடத்துக்கு மேல் மூடி வைத்திருந்தான். சர்க்கரை நோய் அவன் ஆண்மையில் கை வைத்துவிட்டது. மனைவி ஜாஸ்மியிடம் சொல்ல நாக்கு எழும்பவில்லை. முதுகு வலி என்று சொல்லி முன்னறையில் பாயை விரித்துக்கொண்டான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவள் மனம் தன்னை விட்டுப் போய்விட்டதோ என்று உள்ளுக்குள் வெந்தான். அந்தப் பயத்தை என்னிடம் மட்டும் சொன்னான்.

"லேகியம் விக்கிறவன நம்பாத, டாக்டரப் பாரு" என்று நான் சத்தம் போட்ட பிறகு நாகர்கோவிலுக்குப் போனான். அங்கே ஷாக்வேவ் என்கிற அதிர்வலை சிகிச்சை ஒன்றைச் சொன்னார்கள்.

"ஷாக்குன்னதும் கரண்டு வைப்பாங்கன்னு பயந்தேன் மக்கா. கரண்டே இல்ல. கூழு மாதிரி ஒண்ணத் தேச்சு, ஒரு கருவிய வச்சு டக்கு டக்குன்னு தட்டுகாங்க. ஒலி அலையாம். ரத்த ஓட்டத்தக் கூட்டுமாம்."

மருத்துவர் பூசி மெழுகவில்லை. சிலருக்குப் பலன் தெரியும், சிலருக்குத் தெரியாது, ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, சர்க்கரையை அடக்காமல் எதுவும் நடக்காது என்று சொல்லிவிட்டார். ஜான்ரோஸ் அன்றோடு சாயாவுக்குச் சீனியை நிறுத்தினான். விடிந்ததும் நடக்கப் போனான். செம்புக் கம்பி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறினான். ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை அவன்.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் போதகர் ஜெபக் குறிப்புகளை வாசித்தார். "புற்றுநோயோடு போராடும் நம் சகோதரர் ஜான்ரோசுக்காக ஜெபிப்போம்." சபையில் வேறொரு ஜான்ரோஸ் உண்டா என்று இவன் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் இவனையே பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் வீட்டில் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வந்து குவிந்துவிட்டன. வந்தவர்களை ஒருவழியாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"நீயா ஏட்டி எழுதிக் குடுத்த?"

"பின்ன? மெலிஞ்சு போறீங்க, சீனி வேண்டாங்கீங்க, ஆஸ்பத்திரியில உங்களக் கண்டதா ஆளுவ சொல்லுகு. எனக்க கூட கெடக்கவும் மாட்டேங்கீங்க. நான் என்னன்னு நெனைக்க?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஜாஸ்மி முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "செத்துருவீங்கன்னு நான் அழுதுட்டுக் கெடந்தேன். ஊருக்கெல்லாம் சாக்கு போட்டு மூடாதன்னு சொல்லுக மனுசன், எனக்கிட்ட மட்டும் மூடி வச்சிருக்கீங்க. அந்தப் பாய மொதல்ல உள்ள கொண்டு போடுங்க. மத்தது வரும்போ வரட்டு."

அதோடு முடியவில்லை. அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக ஜெபித்தார்களோ அவர் அடுத்த ஞாயிறு எழுந்து, தெய்வம் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல வேண்டும்.

"கேன்சர் இல்லன்னு ரிப்போர்ட் வந்துட்டுன்னு சொல்லிட்டு இருந்துருங்க" என்றாள் ஜாஸ்மி.

"இல்ல. மூடினது போதும். நான் உள்ளதச் சொன்னா உனக்குக் கொறச்சலா?"

"எனக்கென்ன கொறச்சல்? சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு நானும் அவனோடு போய் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜான்ரோஸ் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றான்.

"எனக்குப் புற்றுநோய் இல்ல. சர்க்கரை. அதுல ஆண்மைக்குக் கொறவு வந்துட்டு. அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில அதிர்வலை சிகிச்சை எடுக்கேன். சுகமாயிட்டுன்னு சாட்சி சொல்ல வரல்ல, இன்னும் ஆகல்ல. ஆனா நான் விடமாட்டேன். எனக்க பெஞ்சாதிக்கிட்ட ஒளிச்சதுதான் தப்பு. உங்கள்ல ஆராவது ஒளிச்சு வச்சிருந்தா, போய்க் காட்டுங்க."

சபைக் கமிட்டிப் பெரியவர் யேசுரத்தினம் தரையைப் பார்த்தார். போதகர் வேத புத்தகத்தைத் தேவையில்லாமல் புரட்டினார். அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரே ஒரு குரல் உரக்கக் கேட்டது.

"ஆமென்."

ஜாஸ்மிதான். பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்து வந்த சனிக்கிழமை நாகர்கோவில் பஸ்ஸில் அவளும் அவனோடு ஏறினாள். இரண்டு சீட்டுக்குப் பின்னால் ஒருவர் பத்திரிகையை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தார். ஜாஸ்மி திரும்பிப் பார்த்து, அது யாரென்று கண்டுகொண்டாள்.

"யேசுரத்தினம் மாமா, முன்ன வந்து இருங்க. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எங்களுக்க கூடத்தான எறங்கணும்?"