நாய் ஒன்றும் பண்ணாது, விமானம்தான் விழும்

சுதந்திரம் வந்த மறுவருஷம், மழைக்காலம் முடிந்த கையோடு நடந்தது இது. பம்பாய் மாதுங்காவில் நம்மவர்களே நிறைந்திருந்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். ஆறு மாதக் கர்ப்பிணி. என் கணவருக்குக் கோட்டைப் பகுதியில், வெளிநாட்டு இயந்திரங்களை வரவழைத்து விற்கும் ஒரு கம்பெனியில் வேலை.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "வியாழக்கிழமை மெட்ராஸ் போறேன். பிளேன்ல" என்றார். ஏதோ டெண்டர் காகிதங்களை அன்று சாயங்காலத்துக்குள் சென்னையில் ஒரு ஆபீசில் நேரில் கொடுக்க வேண்டுமாம். காகிதங்கள் தயாராவதே புதன்கிழமைதான். ரயிலில் போனால் நேரம் போதாது. போக வேண்டிய மேலதிகாரிக்குக் காய்ச்சல். அதனால் இவர்.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வருவதற்குள் கட்டடம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. எங்கள் கட்டடத்தில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் விமானத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. மூன்றாவது மாடி மாமி வந்து, "காத்துல என்னடி ரோடு இருக்கு, எதைப் பாத்து ஓட்டுவான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். பக்கத்து வீட்டு வாத்தியார் எங்கெங்கோ விமானம் விழுந்த செய்திகளைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துக் கட்டாக வைத்திருந்தார். அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு வந்து என் கையிலேயே கொடுத்தார். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் காட்டுகிற காகிதமா அது? "தெரிஞ்சுக்கறது நல்லதில்லையா" என்றார்.

எல்லோரையும் மிஞ்சியவர் கீழ்வீட்டு மாமா. ரயில்வேயில் பெரிய உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆனவர். கட்டடத்தில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. என் கணவரை மாடிப்படி அடியில் நிறுத்திவைத்து, "ரயில் நின்னா இறங்கிக்கலாம். கப்பல் நின்னா நீந்திப் பாக்கலாம். பிளேன் நின்னா?" என்று கேட்டு, ஒரு விரலால் கீழே தரையைக் காட்டினார். அவர் சொல்லி முடித்ததும் அவருடைய நாய் உறுமியது. அதுவும் விமானத்துக்கு விரோதம் போலிருக்கிறது.

அந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரர் மாமாவிடம் விட்டுப்போன அல்சேஷன் நாய் அது. 'மேஜர்' என்று பெயர். நின்றால் என் இடுப்புக்கு வரும். மாடிப்படியின் அடியில்தான் அதைக் கட்டியிருப்பார்கள். மூன்று மாடிக்கும் அது ஒன்றே வழி. சங்கிலியோ இரண்டாம் படிவரை எட்டும். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு இறங்குவோம். அதற்கு இங்கிலீஷ்தான் புரியும் என்பதால், எழுதப் படிக்கத் தெரியாத மாமிகள்கூட "ஸிட், ஸிட்" என்று ஜபம் பண்ணிக்கொண்டே போவார்கள். சலவைக்காரரின் வேட்டியை அது கிழித்திருக்கிறது. தபால்காரர் கேட்டுக்கு இந்தப் பக்கம் வரமாட்டார். நின்ற இடத்திலிருந்தே கடிதங்களை வீசுவார். முதல் மாடிப் பெண் குழந்தை அதற்குப் பயந்து ஓடி, படியில் விழுந்து, முன்பல்லை உடைத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் மாமா சொல்லுவது ஒன்றேதான்: "ஒண்ணும் பண்ணாது. நீங்க பயந்தாத்தான் அதுக்குக் கோபம் வரும். பயப்படாம போங்கோ." குற்றம் நாய் மேல் இல்லை, பயந்தவர்கள் மேல் என்றாகிவிட்டது. மற்றவர்களும், "திருட்டு பயம் இல்லையே, அது போறாதா" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

இவ்வளவு சொல்கிற நான் மட்டும் என்ன செய்தேன்? விமானத்தை எதிர்த்து எல்லோரோடும் சேர்ந்துகொண்டேன். அழுதேன், ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தேன், அந்தப் பத்திரிகைத் துண்டுகளை அவர் முன்னால் பரப்பிவைத்தேன். நாய் விஷயத்தில் வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு படிகளை நினைத்தே பல நாள் வெளியே போகாமல் இருந்திருக்கிறேன். இவர் கவனித்துவிட்டு, "மாமாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். "வேண்டாம், பெரியவர், மனசு கஷ்டப்படுவார்" என்று நான்தான் தடுத்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் கம்பெனி கார் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் திரும்பி வரும்வரை தினமும் பிள்ளையாரைப் பதினோரு சுற்று சுற்றும்படி மூன்றாவது மாடி மாமி சொல்லியிருந்தாள். விமானம் மேலே இருக்கும் நேரத்திலேயே சுற்றினால் விசேஷமாம். ஒன்பது மணி சுமாருக்குக் கையில் தேங்காயுடன் இறங்கினேன்.

கீழே நாயைக் காணோம். சங்கிலி மட்டும் கிடந்தது. அப்பாடா என்று கடைசிப் படியில் கால் வைத்தேன். மாமா அதைக் குளிப்பாட்டுவதற்காக அவிழ்த்துவிட்டு, உள்ளே சோப்பு எடுக்கப் போயிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? குழாயடியிலிருந்து அது வந்ததை நான் பார்க்கவில்லை. குரைக்கவும் இல்லை. கெண்டைக்காலில் யாரோ சூட்டுக்கோலை வைத்த மாதிரி இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். கத்தினேனா என்பதுகூட நினைவில்லை.

அதை விரட்டியவள் கீரைக்காரி. தாராவியிலிருந்து தினமும் கூடையோடு வருகிற திருநெல்வேலிப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அவள் புருஷன் அங்கே தோல் பதனிடுகிற இடத்தில் வேலை செய்தான். "ஏ மூதி! விடு!" என்று கத்தியபடி, கீரைக் கூடையாலேயே அதன் மூஞ்சியில் அடித்தாள். இங்கிலீஷ் மட்டுமே புரியும் என்ற அந்த நாய்க்கு அந்தத் தமிழ் நன்றாகவே புரிந்தது. காலை விட்டுவிட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் ஓடியது.

சோப்பும் கையுமாக மாமா வெளியே வந்தார். முதல் வார்த்தையாக, "வாலை மிதிச்சியாம்மா?" என்று கேட்டார்.

அதற்குள் படி முழுக்க மாமிகள். ஒருத்தி மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டச் சொன்னாள், ஒருத்தி சுண்ணாம்பு என்றாள். கீரைக்காரி யாரையும் கேட்கவில்லை. மாமா கையிலிருந்த சிவப்பு சோப்பைப் பிடுங்கினாள். என்னை அணைத்துக் கீழ்வீட்டுக்குள் கூட்டிப்போய், குழாயைத் திறந்தாள். அவள் வாசற்படி தாண்டி வந்ததை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை, வரவிட்டதும் இல்லை. கீழ்வீட்டு மாமி, "அது எங்க குழாய்..." என்று ஆரம்பித்தாள். கீரைக்காரி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மாமி ஒதுங்கி வழி விட்டாள்.

"மொளகாப்பொடி கிளகாப்பொடி ஒண்ணும் போடப்பிடாது, யம்மா. எரிஞ்சாலும் பரவால்ல, பல்லக் கடிச்சிக்கோங்க" என்று சொல்லிச் சொல்லி, கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு ஒரு விக்டோரியா குதிரை வண்டியை நிறுத்தி, வண்டிக்காரனிடம் இந்தியில் சண்டைபோட்டு, என்னோடு தானும் ஏறிக்கொண்டாள். விற்காத கீரையெல்லாம் மாடிப்படியில் சிதறிக் கிடந்தது.

பரேல் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் பேசிய இந்தியையும் மராத்தியையும் எனக்குச் சொன்னவளும் அவள்தான். மெட்ரிக் படித்த எனக்கு அந்தப் பாஷைகளில் காய்கறி வாங்கக்கூடத் தெரியாது. தினம் ஒன்றாகத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் ஊசியை நடுவிலேயே நிறுத்திவிடலாம். முதல் ஊசியை மட்டும் இன்றே போட்டாக வேண்டும் என்றார் டாக்டர். நான் என் வயிற்றைப் பார்த்தேன். குழந்தைக்கு ஏதாவது ஆனால்? இவரைக் கேட்கலாமென்றால் இவர் ஆகாயத்தில் இருக்கிறார்.

கீரைக்காரி என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "எங்க அண்ணன் மவன் இப்பிடித்தான் போனான். சின்ன நாய்தான், சின்னக் கடிதான். மந்திரிச்சாப் போதும்னு எல்லாரும் சொன்னாவ. சொன்னவுகள்லாம் இன்னிக்கும் நல்லாத்தான் இருக்காவ, அந்தப் பயதான் இல்ல" என்றாள். நான் எழுந்து ஊசி அறைக்குள் போனேன்.

காலில் கட்டோடு, வயிற்றில் வலியோடு மத்தியானம் திரும்பி வந்தபோது கட்டடமே வாசலில் கூடியிருந்தது. எனக்காக என்று நினைத்தேன். இல்லை, தந்தி வந்திருந்தது. 'சௌக்கியமாக வந்து சேர்ந்தேன்' என்று இவர் சென்னையிலிருந்து அடித்த தந்தி. "பகவான் காப்பாத்தினார், பிளேன் விழல!" என்று மூன்றாவது மாடி மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒற்றைக் காலில் கைப்பிடியைப் பிடித்து நின்ற எனக்கு வழி விட ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தது அடுத்த கச்சேரி. வயிற்றில் ஊசி போட்டால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும், வேண்டாம் என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். விமானத்துக்குச் சொன்ன அதே ஆட்கள், அதே நிச்சயம். நான் காதில் போட்டுக்கொள்ளாமல் மறுநாளும் போனேன். கீரைக்காரி கீரை விற்காமல் என்னோடு வந்தாள்.

திரும்பி வந்தபோது மாடிப்படி அடியில் சங்கிலியும் இல்லை. முனிசிபாலிட்டிக்காரர்கள் பிடித்துப்போய்விடுவார்கள் என்று பயந்து, மாமா நாயை விடியற்காலையிலேயே மலைமேல் கண்டாலாவில் ஒரு சிநேகிதரின் பங்களாவுக்கு அனுப்பிவிட்டார். பத்து நாள் கவனிக்க இனி நாயே இல்லை. அதாவது, நான் பதினான்கு ஊசியும் போட்டுக்கொண்டுதான் தீர வேண்டும். ஊசி வேண்டாமென்று என்னிடம் வாதாடிய ஒருவர்கூட, நாயை ஏன் அனுப்பினீர்கள் என்று அவரைக் கேட்கவில்லை. "அதுக்கு ஒண்ணுமில்லை, என் வார்த்தையை நம்பலாம்" என்றார் மாமா. நான் பேசாமல் மாடியேறினேன். அப்போதும் பேசவில்லை!

சனிக்கிழமை இவர் திரும்பினார், விமானத்தில்தான். விமானத்தில் கொடுத்த பெப்பர்மிண்ட்டை எனக்காகச் சட்டைப்பையில் வைத்திருந்தார். விஷயம் தெரியாமல் சிரித்துக்கொண்டே கேட்டுக்குள் நுழைந்தவரை மாமா பிடித்துக்கொண்டார். "எப்படிடாப்பா இருந்தது? பயமா இல்லையா?" என்று விசாரித்தாரே தவிர, உன் ஆம்படையாளை என் நாய் கடித்துவிட்டது என்று சொல்லவில்லை. மாடிக்கு வந்து என் காலைப் பார்த்ததும் இவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கட்டைத் தொட்டுப் பார்த்தார். "நான் ரெண்டு தடவை கேட்டேனே" என்றார், அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மீதி ஊசிகளுக்கு இவர் என்கூட வந்தார். அடுத்த மூன்று மாதம் நான் தூங்கியதெல்லாம் தூக்கமில்லை. வயிற்றில் குழந்தை அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். மார்கழியில் பெண் பிறந்தாள். கை விரல், கால் விரல் எல்லாம் நானே எண்ணிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கீரைக்காரி பார்க்க வந்தாள். இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டு, கூடத்தில் உட்காரவைத்து, குழந்தையை அவள் மடியில் போட்டேன். அன்றுதான் அவள் பெயரைக் கேட்டேன். ஒரு வருஷமாக அவளிடம் கீரை வாங்கியிருக்கிறேன்.

தை பிறந்ததும் நாய் கண்டாலாவிலிருந்து திரும்பி வந்தது. கொழுகொழுவென்று, வெறியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதே படி, அதே சங்கிலி. "நான்தான் சொன்னேனே!" என்று மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

குழந்தையை இவரிடம் கொடுத்துவிட்டு நான் கீழே போனேன். மூன்று மாடியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. "மாமா, எனக்கு இந்த நாயைக் கண்டா பயம். முதல் நாள்லேருந்தே பயம். நீங்க பெரியவர்னு சொல்லாம இருந்தேன். இனிமே இது உங்காத்துக்குள்ள இருக்கணும். இல்லேன்னா நானே முனிசிபாலிட்டிக்குப் போவேன்" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு யாராவது தமக்காகப் பேசுவார்களா என்று மேலே பார்த்தார். முதல் மாடியிலிருந்து, பல் உடைந்த குழந்தையின் அம்மா, "எனக்கும் பயம்தான் மாமா" என்றாள். அடுத்து வாத்தியார், "எனக்கும்" என்றார். கடைசியில் மூன்றாவது மாடி மாமியே, "தினம் உசிரைக் கையில புடிச்சிண்டுதான் இறங்கறேன்" என்றாள். ஒரு வாரத்துக்குள் நாய் பழையபடி கண்டாலாவுக்கே போய்விட்டது. மாமா என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை.

ஒரு பேச்சில் முடிந்திருக்க வேண்டிய காரியம், கடைசியில் ஒரு பேச்சில்தான் முடிந்தது. அதற்கு முன்னால் ஒரு பெரியவரின் மனசு நோகுமே என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை மாதங்களையும் நினைத்தால், மாமா மேல் வருவதைவிட என் மேல்தான் எனக்கு இன்றைக்கும் அதிகம் எரிச்சல் வருகிறது.